7. கல்லாக வராதது காற்றாக வரும்

கோடை மாலையில் மேற்கே கறுக்கும்போது எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: மழை வருமா? வாழை போட்டவருக்கு அந்தக் கேள்வி போதாது. தார் வெட்ட இருபது நாள் இருக்கும் தோட்டத்தில் அரை மணி நேர மழை வரம். அந்த மழைக்கு முன்னால் ஓடிவரும் பத்து நிமிடச் சூறைக்காற்றுதான் மரத்தை இடுப்பில் ஒடித்துப் போடுகிறது. மாந்தோப்பு வைத்திருப்பவருக்கும் தகரக் கொட்டகையில் கோழி வளர்ப்பவருக்கும் இதே கதைதான். ஆகவே மழை வருமா என்பதை இந்த அத்தியாயம் ஓரளவே பேசும். வந்தால் எதைக் கூட்டிக்கொண்டு வரும் என்பதைத்தான் விரிவாகப் பேசும். தமிழகச் சமவெளியில் ஆலங்கட்டியையும் சூறைக்காற்றையும் ஒரே பனிக்கட்டியின் இரண்டு முடிவுகளாகப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம். மேகத்துக்குள் உருவான கல் தரைவரை தாக்குப்பிடித்தால் அது ஆலங்கட்டி. வழியிலேயே உருகிவிட்டால், உருகும்போது அது உண்டாக்கிய குளிர்ச்சி காற்றாக இறங்குகிறது. ஆலங்கட்டிக்கு வாய்ப்பில்லை என்று கண்டவுடன் ஆபத்தும் இல்லை என்று முடிவு கட்டுவதே கோடைக் கணிப்பில் அதிகம் நடக்கும் பிழை.

அதற்கு முன் ஒரு பழைய நம்பிக்கையைத் தள்ளி வைத்தாக வேண்டும். வெயில் எவ்வளவு கொளுத்துகிறதோ அவ்வளவு பெரிய மழை கொட்டும் என்று அக்னி நட்சத்திரத்தில் ஊர் முழுக்கச் சொல்வார்கள். சென்னையில் 2003 மே 31 அன்று வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது. இப்படிப்பட்ட உச்ச வெப்பம், தக்காணத்தைக் கடந்து வரும் வறண்ட மேற்குக் காற்று கடற்காற்றை உள்ளே விடாமல் தடுக்கும் நாட்களில்தான் வருகிறது. அந்தக் காற்றில் சூடு உண்டு, ஈரம் இல்லை. எளிய கணக்கு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் அதிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்குமோ அது பனிவிழு நிலை. தரை வெப்பத்திலிருந்து அதைக் கழித்து 125ஆல் பெருக்கினால், மேகத்தின் அடிவயிறு எத்தனை மீட்டர் உயரத்தில் நிற்கும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். 36 டிகிரி வெயிலும் 24 டிகிரி பனிவிழு நிலையும் இருந்தால் 1,500 மீட்டர். 42 டிகிரி வெயிலும் 14 டிகிரி பனிவிழு நிலையும் இருந்தால் 3,500 மீட்டர். இரண்டாவது நாளில் மேகம் உருவாகவே திணறும். உலக வானிலை அமைப்பின் பதிவேட்டில் மிக அதிக உயிர்களைக் குடித்த ஆலங்கட்டி மழை, உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் அருகே 1888 ஏப்ரல் 30 அன்று பெய்தது. 246 பேர் இறந்தார்கள். அந்தப் பகுதியில் வெயிலின் உச்சம் வருவது அதற்குப் பிறகு, மே பிற்பகுதியிலும் ஜூனிலும். இந்தியாவில் ஆலங்கட்டியின் பருவமும் கத்திரி வெயிலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வெப்பமே காரணம் என்றால் நாட்காட்டி இப்படி இருக்க முடியாது.

அப்படியானால் வெயிலுக்கு வேலையே இல்லையா? உண்டு, ஆனால் அது கதவைத் திறக்கும் வேலை மட்டும். கோடையில் தரைக்கு மேல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் சூடான வறண்ட காற்று ஒரு மூடிபோல உட்கார்ந்திருக்கும். கீழிருந்து எழும் ஈரக்காற்று அதில் முட்டித் திரும்பும். மூடி லேசாக இருந்தால் நண்பகலுக்குள்ளேயே அங்கங்கே சிறு மேகங்கள் கிளம்பி, தூறிவிட்டுக் கலைந்துபோகும். மூடி மிக இறுக்கமாக இருந்தால் நாள் முழுக்கப் புழுக்கம், அவ்வளவுதான். நடுத்தரமாக இருக்கும் நாளே கவனிக்க வேண்டிய நாள். பிற்பகல் மூன்று, நான்கு மணிவரை சூட்டையும் ஈரத்தையும் அடக்கி வைத்து, பிறகு எங்கோ ஓரிடத்தில் கிழிந்துகொள்ளும். கொதிக்கும் குக்கரில் வெயிட்டைத் தூக்கியதுபோல எல்லாம் அந்த வழியாகப் பாயும். காலையில் வானம் துடைத்து வைத்ததுபோல் இருப்பதை மழை இல்லாததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

மூடி திறந்தபின் மேகம் எவ்வளவு வேகமாக வளரும் என்பதற்கு வானிலைக்காரர்கள் ‘கேப்’ என்று ஓர் எண் வைத்திருக்கிறார்கள். ஒரு கிலோ காற்று மேலே ஏறும்போது கிடைக்கும் ஆற்றலை ஜூலில் சொல்லும் எண் அது. அதை இரண்டால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஏறுகாற்றின் அதிகபட்ச வேகம் வரும். 2,000 ஜூல் என்றால் நொடிக்கு 63 மீட்டர், மணிக்குச் சுமார் 228 கிலோமீட்டர். இது காகிதக் கணக்கு. மழைத்துளியின் பாரமும் பக்கத்திலிருந்து கலக்கும் வறண்ட காற்றும் சேர்ந்து இதைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைத்துவிடும். அமெச்சூர் கணிப்பாளர்கள் இந்த ஓர் எண்ணைக் கட்டிக்கொண்டு அழுவதைப் பார்க்கும்போதுதான் வருத்தமாக இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் நம் கடலோரத்தில் கேப் 2,000ஐத் தாண்டுவது அதிசயம் இல்லை. தாண்டிய பெரும்பாலான நாட்களில் ஒரு சொட்டும் விழுவதில்லை. நம்மிடம் எப்போதும் கொட்டிக் கிடக்கும் ஒன்றை வைத்து நாளுக்கு நாள் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

நம்மிடம் குறைவாக இருப்பது வேறு. உயரத்துக்கு உயரம் காற்றின் திசையும் வேகமும் மாறுவதை ‘விண்ட் ஷியர்’ என்பார்கள். வங்காளத்தில் சித்திரை வைகாசியில் வரும் கால்பைசாகி என்ற இடிப்புயலுக்கு இது தாராளமாகக் கிடைக்கிறது: கீழே வங்கக் கடலிலிருந்து தெற்குக் காற்று, மேலே வேகமான மேற்குக் காற்று. மேகம் சாய்ந்து நிற்பதால் மழை ஒரு பக்கம் விழும், ஏறுகாற்று இன்னொரு பக்கம் தடையில்லாமல் ஏறும். அந்த மேகம் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதற்குள் கல் பல முறை பூச்சுப் பெற்றுப் பருக்கும். 1986 ஏப்ரல் 14 அன்று வங்கதேசத்தின் கோபால்கஞ்ச் மாவட்டத்தில் 1.02 கிலோ எடையுள்ள ஆலங்கட்டி விழுந்தது. உலகில் அளந்து பதிந்தவற்றில் அதுவே அதிக எடை. தமிழகத்தில் ஏப்ரல், மே மாதங்களில் மேலடுக்குக் காற்று பெரும்பாலும் மந்தம். மேகம் நட்டுக்குத்தாக வளர்ந்து, தன் மழையைத் தன் ஏறுகாற்றின் மேலேயே கொட்டி, ஒரு மணி நேரத்துக்குள் தன்னையே அணைத்துக்கொள்கிறது. பெரிய கல் வளர நேரம் இல்லை. வளர்ந்த சிறு கல்லுக்கும் தரை தூரம். நம் கோடையில் பூஜ்ய டிகிரி மட்டம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னைக்கு மேலே உருவான கல் அந்த 5 கிலோமீட்டரையும் வெப்பக் காற்றில் கடக்க வேண்டும். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டரில் இருக்கும் ஓசூருக்கு 4 கிலோமீட்டர். 2,100 மீட்டரில் உள்ள கொடைக்கானலுக்கு 3க்கும் கீழே. ஆலங்கட்டிச் செய்திகள் ஓசூர், கிருஷ்ணகிரி, மலையோர ஊர்கள் என்றே வருவதற்கு மேகத்தின் பலத்தைவிட இந்தத் தூரக் கணக்கே முக்கியக் காரணம்.

இனி உருகிப்போன கல்லின் கணக்கு. ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். அதைச் சுற்றியுள்ள காற்றிடமிருந்துதான் எடுத்துக்கொள்ளும். ஒரு கிலோ கல் உருகினால் சுமார் 330 கிலோ காற்று ஒரு டிகிரி குளிரும். ஒரு மேகத்துக்குள் எத்தனை ஆயிரம் டன் பனி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குளிர்ந்த காற்று கனமாகி இறங்கும், இறங்கியது தரையில் மோதி நாலாபுறமும் தெறிக்கும். இப்படி ஒன்று உண்டு என்பதை உலகம் ஒப்புக்கொள்ளவே காலம் பிடித்தது. 1945இல் நாகசாகியில் அணுகுண்டு அழிவை ஆராய்ந்த வானிலை அறிஞர் டெட்சுயா ஃபுஜிட்டா, மரங்கள் ஒரு மையத்திலிருந்து வெளிநோக்கிச் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர். பிற்பாடு அமெரிக்காவில் புயல் சேதங்களை விமானத்திலிருந்து பார்த்தபோது அதே விரிசிறைக் கோலம் சில இடங்களில் தெரிந்தது. 1975 ஜூன் 24 அன்று நியூயார்க்கில் தரையிறங்கவிருந்த ஈஸ்டர்ன் 66 விமானம் இடிமழையில் விழுந்து நொறுங்கியதை ஆராய்ந்து, இறங்குகாற்றே காரணம் என்றார் ஃபுஜிட்டா. மேகத்திலிருந்து இறங்கும் காற்று தரைக்கு வருமுன் வலுவிழந்துவிடும் என்று பலர் மறுத்தார்கள். 1978இல் சிகாகோ அருகே டாப்ளர் ரேடார்களை நிறுத்திப் பார்த்தபோது இறங்குகாற்று திரையிலேயே தெரிந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பனி உருகுவதைவிட மழைத்துளி ஆவியாவதுதான் காற்றை அதிகம் குளிர்விக்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 600 கலோரி, ஏழு மடங்குக்கு மேல். அப்படியிருக்க, உருகும் பனிக்கு ஏன் இத்தனை மரியாதை? ராஜஸ்தானில் வீசும் ஆந்தி என்ற புழுதிப் புயலுக்கு இந்த மறுப்பு முழுக்கப் பொருந்தும். அங்கே மேகத்தின் அடிவயிறு 3 கிலோமீட்டருக்கும் மேலே, கீழே எல்லாம் வறண்ட காற்று. துளி தரைக்கு வருமுன் ஆவியாகி, மழை இல்லாமலே காற்று மட்டும் அடிக்கும். நம் நிலைமை வேறு. கடற்காற்று நுழைந்த மாலையில் கீழ் ஒன்றரை கிலோமீட்டர் ஈரமாக இருக்கும். அங்கே துளி ஆவியாக இடம் குறைவு. ஆனால் உருகுவதற்கு வறட்சி தேவையில்லை, வெப்பம் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் போதும். ஈரமான மாலையிலும் உருகும் வேலை நிற்பதில்லை. நடு உயரத்தில், அதாவது 3 முதல் 6 கிலோமீட்டர்வரை, காற்று வறண்டிருந்தால் அங்கே ஆவியாதலும் சேர்ந்துகொள்ளும். கீழே ஈரம், நடுவே வறட்சி, அதற்கு மேல் நிறையப் பனி: இந்த மூன்றும் ஒரே நாளில் அடுக்கி நின்றால் வாழைக்கு ஆபத்தான நாள். அந்த நாளில் ஆலங்கட்டி விழலாம், விழாமலும் போகலாம். காற்று தப்பாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைக் காலையிலேயே பார்க்க வழி இருக்கிறது. மீனம்பாக்கத்திலும் காரைக்காலிலும் பறக்கவிடும் ரேடியோசாண்டு பலூன் காலை 5.30 மணிக்கான மேலடுக்கு வெப்பம், ஈரம், காற்று எல்லாவற்றையும் அனுப்புகிறது. வயோமிங் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் நிலைய எண் 43279 என்று போட்டால் சென்னை, 43346 என்றால் காரைக்கால், 43295 என்றால் பெங்களூர். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் சென்னையை விட்டுவிட்டுப் பெங்களூரையே பார்க்கலாம். அந்த வரைபடத்தில் வெப்பக் கோடும் பனிவிழு நிலைக் கோடும் அருகருகே ஓடினால் அங்கே ஈரம், விலகினால் வறட்சி. கீழே நெருங்கி, நடுவே அகன்று, வாய் பிளந்த பைபோல் இருந்தால் மேலே சொன்ன அடுக்கு அமைந்திருக்கிறது. ஒன்றை மறக்காதீர்கள்: விடியற்காலைத் தரை வெப்பம் மாலைக் கணிப்புக்கு உதவாது. நேற்றைய மூன்று மணி வெப்பத்தையும் பனிவிழு நிலையையும் கொண்டு தரைப் பகுதியை நீங்களே திருத்தி வரைய வேண்டும். திருத்தாத காலைப் பலூனைக் காட்டி ‘இன்று கேப் குறைவு’ என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

எங்கே என்ற கேள்விக்கு நண்பகலுக்குப் பிறகே பதில் கிடைக்கும். கோடையில் உள் கர்நாடகத்திலிருந்து தென் தமிழகம்வரை, கிழக்குக் காற்றும் மேற்குக் காற்றும் சந்திக்கும் கோடு ஒன்று பல நாட்கள் கிடக்கும். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கைகளில் அடிக்கடி வரும் சங்கதி இது. அந்தக் கோடும் உள்ளே நகரும் கடற்காற்றின் முனையும் மலைச்சரிவும் சேரும் இடங்களில்தான் மூடி முதலில் கிழியும். உங்கள் ஊரில் மூன்று மணிக்குப் பனிவிழு நிலை ஏறிக்கொண்டிருக்கிறதா, சரிகிறதா என்று பாருங்கள். சரிந்தால் மேலிருந்து வறண்ட காற்று கலந்து ஈரத்தைத் தின்கிறது. மேகம் கிளம்பினாலும் சப்பையாகப் போகும். ஜூன், ஜூலையில் திசைக் கணக்கு மாறும். திருவண்ணாமலை, வேலூர், சித்தூர்ப் பக்கம் மாலையில் கிளம்பும் மேகம் கீழடுக்கு மேற்குக் காற்றோடு சென்னையை நோக்கி இரவில் வரும். ஆனால் அதன் தலைப்பகுதி, மிக உயரத்தில் வீசும் கீழைக்காற்றில் சிக்கி மேற்கே இழுபடும். செயற்கைக்கோள் படத்தில் வெள்ளைத் திட்டு மேற்கே விரிவதைப் பார்த்துவிட்டு, மழை நம்மை விட்டு விலகுகிறது என்று நினைப்பவர்கள் அன்று இரவு நனைவார்கள்.

கடைசி ஒரு மணி நேரத்துக்கு ரேடார். தரை மட்டத்து நிறத்தைவிட, வலுவான எதிரொலி எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்பதே முக்கியம். 45 டிபிஇசட் (எதிரொலியின் வலிமையைச் சொல்லும் அலகு) எதிரொலி பூஜ்ய டிகிரி மட்டத்துக்கு மேல் ஒன்றரை கிலோமீட்டர் வரை எட்டிவிட்டால், அதாவது நம் கணக்கில் ஆறரை கிலோமீட்டர் உயரத்தில் தெரிந்தால், உள்ளே கல் உருவாகியிருக்க வாய்ப்பு உண்டு. உயரத்தில் நின்ற அந்தக் கரு அடுத்த படத்தில் கீழே சரிந்திருந்தால், காற்று புறப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். வரிசையாக நிற்கும் மேகங்கள் வில்போல முன்னுக்கு வளைந்தால், வளைவின் நடுவே உள்ள ஊர்களுக்கு அடி பலம். மின்னல் எண்ணிக்கை திடீரென்று எகிறுவதும் ஏறுகாற்று வலுத்துவிட்டது என்பதற்கு அடையாளம். ‘தாமினி’ செயலியில் இதைப் பார்க்கலாம். ரேடாரின் குறையையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அரை டிகிரி சாய்வில் அனுப்பும் கதிர், பூமி வளைவதால், 100 கிலோமீட்டர் தூரத்தில் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்திலும், 200 கிலோமீட்டரில் நான்கு கிலோமீட்டர் உயரத்திலும் போகிறது. சென்னையிலிருந்து ஓசூர் 260 கிலோமீட்டருக்குமேல். அந்த ரேடாரின் கண்ணுக்கு அங்கே தெரிவது 6 கிலோமீட்டருக்கு மேலே உள்ள மேகத்தலை மட்டும். படத்தில் ஒன்றும் இல்லை என்பதை வானத்தில் ஒன்றும் இல்லை என்று படிக்கக் கூடாது.

இத்தனையும் கணினியே செய்யாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2025 மே மாதம் இந்தியா தொடங்கிய பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம் நாட்டை 6 கிலோமீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. இது பெரிய முன்னேற்றம். ஆனால் நம் இடிமேகத்தின் ஏறுகாற்று சில கிலோமீட்டர் அகலமே இருக்கும், இறங்குகாற்று அடிக்கும் இடமும் பெரும்பாலும் நான்கு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். ஒரு கட்டத்துக்குள் முழுப் புயலும் ஒளிந்துகொள்ளும்போது, எந்தக் கிராமம் என்று கணினியிடம் கேட்பது நியாயம் இல்லை. எந்த நாள், எந்த மாவட்டம் என்பதற்கு அதை நம்புங்கள். அதற்குக் கீழே பலூனும் ரேடாரும் உங்கள் கண்ணும்தான்.

இன்னொரு குறை அடிக்கடி கேட்பது: எச்சரிக்கை சொன்னார்கள், எங்கள் ஊரில் வரவே இல்லை. அறிக்கையில் ‘ஓரிரு இடங்களில்’ என்று இருந்தால், அந்தப் பகுதியின் நிலையங்களில் கால் பங்குக்கு மேல் மழை பதிவாகாது என்று பொருள். நான்கில் மூன்று ஊர் காய்வது அந்தக் கணிப்புக்குள்ளேயே இருக்கிறது. அப்படியானால் அதனால் என்ன பயன் என்றால், பயன் உங்கள் கணக்கைப் பொறுத்தது. களத்தில் காயும் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட 300 ரூபாய் கூலி, நனைந்தால் 3,000 ரூபாய் நட்டம் என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு வாய்ப்பு இருந்தாலே மூடுவதில் நட்டம் இல்லை. கால் பங்கு வாய்ப்பு என்றால் மூடாமல் விடுவதுதான் சூதாட்டம். வாழைக்கு முட்டுக் கொடுப்பதை மட்டும் அன்றாட அறிக்கைக்காகக் காத்திருந்து செய்ய முடியாது. தார் தள்ளும் காலம் கோடையில் விழுந்தால் பங்குனிக்குள் கம்பு நட்டுவிட வேண்டும். இடி காதில் விழுந்துவிட்டால் எந்தக் கணக்கும் வேண்டாம், மரத்தடியை விட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள். இடியோசை பதினைந்து இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கேட்காது. கேட்கிறது என்றாலே மின்னல் எட்டும் தூரத்தில் நிற்கிறீர்கள்.

கணித்தவர் மறுநாள் தோட்டத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பத்திரிகைகள் எதையும் சூறாவளி என்று எழுதிவிடும். மரங்கள் எல்லாம் ஒரே பக்கம், அல்லது ஒரு புள்ளியிலிருந்து விரிந்து சாய்ந்திருந்தால் அது இறங்குகாற்று. குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடந்தால் சுழற்காற்றைச் சந்தேகிக்கலாம். ஆலங்கட்டி விழுந்தால் கைப்பேசியில் படம் எடுத்துப் பரப்புவதோடு நிறுத்தாமல், கல்லை ஓர் அளவுகோலின் பக்கத்தில் வைத்து எடுங்கள், நேரத்தையும் ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள், இரண்டு கற்களை ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். அளவு பார்க்க உங்களுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம்.